காய வைத்த மண்

பம்பரம் என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தது அண்ணன். முப்பத்தாறு வயதாகியும் அந்தப் பெயர் போகவில்லை. போகிற மாதிரி அவளும் நடந்துகொள்ளவில்லை. பல் தேய்த்துக்கொண்டே செடிக்குத் தண்ணீர் விடுவாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு, அது காய்வதற்குள் நாலு துணியை மடித்துவிடலாம் என்று போவாள், பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருக்கும். இப்படிப்பட்டவளுக்குக் கிடைத்த வேலை என்ன தெரியுமா? மண்ணுக்குள் இருக்கிற கிருமி வளருகிறதா இல்லையா என்று நாள்கணக்கில் பார்த்துக்கொண்டு உட்காருகிற வேலை. கொடுமைதான், வேறென்ன.

கேட்டால் ஏதோ மாயமந்திரம் போல இருக்கும், ஆனால் விஷயம் எளிது. ஒரு கைப்பிடி மண்ணில் கோடிக்கணக்கில் கிருமிகள். எது வளருகிறது, எது தூங்குகிறது, எது செத்துக் கிடக்கிறது என்று மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் தெரியாது, எல்லாம் ஒரே மாதிரி புள்ளிதான். அதனால் ஒரு தந்திரம் செய்வார்கள். ஆக்சிஜனில் எடை கூடின ரகம் ஒன்று உண்டு. அந்த ரகம் சேர்ந்த தண்ணீரை மண்ணில் விடுவார்கள். வளருகிற கிருமி புதிதாக டி.என்.ஏ. செய்தாக வேண்டும். அதற்குத் தண்ணீரிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், அதன் டி.என்.ஏ. கனத்துவிடும். தூங்குவதும் செத்ததும் எதையும் எடுக்காது, பழைய எடையிலேயே இருக்கும். பிறகு எல்லா டி.என்.ஏ.வையும் பிரித்தெடுத்து, அடர்த்தியான உப்புக் கரைசலில் போட்டு, மூன்று நாள் அசுர வேகத்தில் சுற்ற விட்டால் கனத்தது கீழே இறங்கும், லேசானது மேலே நிற்கும். அவ்வளவுதான். ஐசோடோப்பு என்ற பேச்சை எடுத்ததும் அணுகுண்டு ஞாபகம் வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவளுடைய அண்ணியே ஒரு வருஷம், இவள் வாங்கி வந்த பிஸ்கட்டைப் பிள்ளைகள் கண்ணில் காட்டாமல் ஒளித்து வைத்திருந்தாள். இதில் கதிர்வீச்சும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது.

அண்ணன் குடியிருந்தது இருபத்திரண்டு வீடுகள் ஒரே சுவராக ஒட்டிக்கொண்டு நிற்கிற ஒரு வரிசையில். முன்னறையில் அண்ணி தையல் மெஷின் போட்டிருந்தாள். வீடுகளுக்குப் பின்னால், மூடிக் கிடக்கிற பெயின்ட் தொழிற்சாலை. அதன் நிலத்தடித் தொட்டி ஓட்டையாகி, வருஷக்கணக்கில் தின்னர், அதாவது பெயின்டைக் கரைக்கிற விஷத் திரவம், மண்ணுக்குள் இறங்கியிருந்தது. மாநகராட்சிக்கு இப்போது இரண்டே வழி. ஒன்று, மண்ணை ஆழமாகத் தோண்டி லாரியில் அள்ளிப் போவது. அப்படியானால் இருபத்திரண்டு வீட்டையும் இடித்தாக வேண்டும். இல்லையென்றால், மண்ணில் இருக்கிற கிருமிகளே தின்னரைத் தின்று தீர்க்கின்றன என்று தெரிந்தால், அப்படியே விட்டுவிடுவது. தின்கிறதா, தின்று வளருகிறதா என்று பார்த்துச் சொல்லுகிற பொறுப்பு இவள் லேபுக்கு வந்தது.

"மேடம், எங்க அண்ணன் வீடு அங்கதான் இருக்கு" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள்.

லேபின் தலைவியை எல்லோரும் பெரிய மேடம் என்பார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றாமலே, "அப்போ மத்தவங்களைவிட ஒழுங்கா பார்ப்பே" என்றார்.

அண்ணன் வீட்டுப் பக்கத்திலிருந்து இன்னொரு கயிறும் இழுத்துக்கொண்டிருந்தது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் அரசாங்கம் கட்டின அடுக்குமாடியில் இருபத்திரண்டு வீடு ஒதுக்கி வைத்திருந்தார்கள். வேண்டும் என்கிறவர்கள் குறித்த புதன்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் வரிசையில் காத்திருக்கிற வேறு குடும்பங்களுக்குப் போய்விடும். அந்த வீட்டு வரிசையில் ஒருவருக்கும் போக மனசில்லை. பள்ளிக்கூடம் இங்கே, வேலை இங்கே, அண்ணிக்கு ரவிக்கை தைக்கக் கொடுக்கிறவர்கள் எல்லாம் இங்கே.

பம்பரம் எட்டடி ஆழத்து மண்ணை எடுத்து வந்தாள். லேபில் வழக்கமாகச் செய்கிறபடி தட்டில் பரப்பி, மூன்று நாள் ஃபேன் காற்றில் காய வைத்தாள். கனமான தண்ணீரை அளந்து விட்டாள். காத்திருந்தாள், பிரித்தாள், சுற்ற விட்டாள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் கம்ப்யூட்டர் திரையில் கோடு எழும்பி நின்றது. கனம்! கிருமிகளில் பாதிக்கு மேல் கனத்துக் கீழே இறங்கியிருந்தன.

மறு பரிசோதனை இல்லை, பெரிய மேடம் பார்க்கவில்லை. போனை எடுத்துவிட்டாள்.

"அண்ணி! வளருது அண்ணி! சும்மா இல்ல, ஜோரா வளருது. மண்ணு தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்குது. நீங்க எங்கேயும் போக வேண்டாம்!"

அந்தப் பக்கம் தையல் மெஷின் நின்றது. "நிஜமாவா? அடிப்பாவி, என்னை அழ வச்சிட்டியே" என்று அண்ணி அழுதாள், சிரித்தாள், உடனே தெருவுக்கு ஓடினாள். பத்து நிமிஷத்தில் இருபத்திரண்டு வீட்டுக்கும் தெரிந்துவிட்டது.

திங்கள்கிழமை காலை மாநகராட்சி என்ஜினீயர் போன் பண்ணினார். செய்முறையை மட்டும் எழுதின ரிப்போர்ட்டின் முதல் வரைவு அவருக்குப் போயிருந்தது.

"மேடம், ஒரு சின்ன டவுட்டு. நான் பைப்பு, சாக்கடைன்னு திரியற ஆளு, தப்பா எடுத்துக்காதீங்க."

"கேளுங்க சார்."

"மண்ணை மூணு நாள் காய வச்சுட்டு அப்புறம் தண்ணி விட்டோம்னு எழுதியிருக்கீங்க. அங்க எட்டடியில எப்பவும் சொதசொதன்னுதான் இருக்கும், நானே பள்ளம் வெட்டிப் பார்த்திருக்கேன். அந்த மண்ணு ஜென்மத்துல காஞ்சதில்ல. ஏன் காய வச்சீங்க?"

"ஏற்கெனவே ஈரம் இருந்தா எங்க தண்ணி அதுல கலந்து நீர்த்துப் போயிடும் சார். அதான் முதல்ல ஈரத்தை எடுத்துட்டு இடம் பண்ணிக்கிறோம். எப்பவும் அப்படித்தான் செய்வோம்."

"அப்படியா. சரிங்க மேடம், நமக்கு அதெல்லாம் எங்க தெரியுது."

அவர் வைத்துவிட்டார். இவள் வரைவை எடுத்து அந்த வரியை மறுபடி படித்தாள்.

எப்பவும் அப்படித்தான் செய்வோம்! எப்பவும் என்றால் என்ன? லேபுக்கு எப்பவும் வருவது வயல் மண். வெயிலில் காய்வதும் மழையில் நனைவதும் அதற்குப் பழக்கம். காய்ந்த மண்ணில் தண்ணீர் பட்டதும் கிருமிகள் துள்ளிக்கொண்டு எழும், காய்ந்தபோது செத்துப்போன மற்றவற்றைத் தின்று மளமளவென்று பெருகும். இது அவள் படித்த பாடம், பரீட்சையில் எழுதி மார்க் வாங்கின பாடம். அதையேதான் அந்த எட்டடி மண்ணுக்கும் செய்து வைத்திருக்கிறாள். தானே அதைச் சாகடித்து, தானே தண்ணீர் தெளித்து எழுப்பிவிட்டு, ஆகா வளருகிறதே என்று கைதட்டியிருக்கிறாள்.

அதோடு போயிற்றா? இன்னொன்று ஞாபகம் வந்தபோது நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்த மூன்று நாளும் அறையெல்லாம் பெயின்ட் வாசனை. தலைவலிக்கிறது என்று அவளேதான் கதவைத் திறந்து வைத்தாள். அது வாசனையா? மண்ணிலிருந்து பறந்துபோன தின்னர்! விஷத்தை ஃபேன் கொண்டுபோய்விட்டது. விஷம் போன மண்ணில் எதுதான் வளராது?

பெரிய மேடமிடம் ஓடினாள். மூச்சு விடாமல் கொட்டினாள். மேடம் முழுசாகக் கேட்டார்.

"காய வைக்காம செய்ய முடியுமா?"

"முடியும் மேடம். ஒரு ஜாடிக்குள்ள மண்ணைத் தனிக் குழாய்ல நிறுத்தி, அடியில கனமான தண்ணிய வச்சு மூடிட்டா, ஆவியாவே போய்ச் சேரும். மண்ணைத் தொட வேண்டாம், தின்னரும் எங்கேயும் போகாது. மிச்ச மண்ணு குளிர் ரூம்ல மூடினபடியே இருக்கு. ஆனா ரிசல்ட் வர அடுத்த வியாழன் ஆயிடும்."

"ரிப்போர்ட்டுக்கு அடுத்த வெள்ளிவரைக்கும் நேரம் இருக்கு. ரெண்டு விதமாவும் செய், பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாரு. அதுவரைக்கும் யாருக்கும் எதுவும் சொல்லாதே. சந்தேகம் வரும்போதெல்லாம் ஊரைக் கூட்டிச் சொல்ல முடியாது."

சரிதான். ஆனால் நல்ல சேதியை மட்டும் முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு சொல்லியாயிற்றே! அதை மேடமிடம் அவள் சொல்லவில்லை.

அன்றைக்கே ஜாடிகளை வைத்தாள். ஒரே மண், ஒன்று முன்பு காய வைத்ததில் மிச்சம் இருந்தது, ஒன்று தொடாதது. ஐந்து நாள் காத்திருக்க வேண்டும். ஐந்து நாள்! அவளுக்கு உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை, படுத்தால் புரண்டாள். ஜாடியை நாளைக்கு இருபது தடவை போய்ப் பார்த்தாள். பார்ப்பதற்கு அதில் ஒன்றுமே இல்லை, கண்ணாடிக்குள் கறுப்பு மண், அவ்வளவுதான். சும்மா இருக்க முடியாமல் லேபில் இருந்த குப்பிகளை எல்லாம் கழுவினாள். கழுவினதையே மறுபடி கழுவினாள். அலமாரியை ஒழித்தாள். மற்றவர்கள், "என்ன, கல்யாண வீடா?" என்று கேலி பண்ணினார்கள். சிரித்து வைத்தாள்.

அண்ணியிடமிருந்து தினம் ஒரு போன். முன்பெல்லாம் மாசத்துக்கு ஒன்று வந்தால் பெரிய விஷயம்.

"உனக்கு ரெண்டு சட்டை தைக்கிறேன், பாக்கெட்டு வச்சு. உன் பேனா எல்லாம் போட்டுக்கலாம். அளவு மாறலையே?"

"வேண்டாம் அண்ணி, எதுக்கு இதெல்லாம்."

"ஏய், வாயை மூடு. எங்க எல்லாருக்கும் வீட்டைக் காப்பாத்திக் கொடுத்திருக்கே, ஒரு சட்டை தைக்கக் கூடாதா?"

அப்போதே சொல்லியிருக்கலாம். தொண்டை வரைக்கும் வந்தது. ஒருவேளை தொடாத மண்ணிலும் வளர்ந்திருந்தால்? எதற்கு வீணாகப் பயமுறுத்த வேண்டும்? மேடமும் சொல்லாதே என்றுதானே சொல்லியிருக்கிறார்? மனசுக்குச் சமாதானம் சொல்ல ஆயிரம் காரணம் கிடைத்தது. உண்மையான காரணம் ஒன்றுதான். வீட்டில் எதையாவது கொட்டினவள், உடைத்தவள் என்றே பேர் வாங்கினவளை, வாழ்க்கையில் முதல் தடவையாக அத்தனை பேர் கொண்டாடுகிறார்கள். அதை விட மனசு வரவில்லை. வெட்கக்கேடுதான். ஆனால் அதுதான் நிஜம்.

ஞாயிற்றுக்கிழமை வந்து டி.என்.ஏ.வைப் பிரித்தாள். திங்கள்கிழமை காலை குழாய்களைச் சுற்றுகிற மெஷினில் பூட்டி ஓட விட்டாள். வியாழக்கிழமை காலைதான் நிற்கும். நடுவில் திறக்க முடியாது, வேகத்தைக் கூட்ட முடியாது, கெஞ்சினாலும் கொஞ்சினாலும் அது தன் பாட்டுக்கு உறுமிக்கொண்டு சுற்றும். அவள் அறைக்கும் மெஷினுக்கும் நடந்து நடந்து செருப்புத்தான் தேய்ந்தது.

நடுவில் வந்தது அந்தப் புதன்கிழமை.

காலை பத்து மணிக்கு அவளே போன் பண்ணினாள். 'எதுக்கும் கையெழுத்துப் போட்டு வையுங்க அண்ணி' என்று ஒரே ஒரு வாக்கியம். அதைப் பஸ்ஸில் வரும்போதே நாலு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள்.

"உனக்கு நூறு ஆயுசு!" என்று அண்ணி கத்தினாள். பின்னால் ஒரே கூச்சல். "இப்பத்தான் எல்லாரும் ஒண்ணாக் கிளம்பறோம். அடுக்குமாடி வேண்டாம்னு இருபத்திரண்டு வீடும் எழுதிக் கொடுக்கப்போறோம். ஒருத்தர் பாக்கியில்ல. இரு, இரு, எல்லாரும் உனக்கு ஏதோ சொல்லணுமாம்."

போனைத் தூக்கிப் பிடித்திருப்பாள் போல. ஆம்பிளைக் குரல், பொம்பிளைக் குரல், பிள்ளைகள் குரல், எல்லாம் கலந்து, "ரொம்ப தேங்க்ஸ்" என்றன. அண்ணன் குரல் தனியாகக் கேட்டது. "எங்க பம்பரம்" என்று யாரிடமோ பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"என்ன விஷயமா கூப்பிட்டே?" என்றாள் அண்ணி.

"சும்மாதான் அண்ணி. போயிட்டு வாங்க."

போனை வைத்தாள். மறுபடி கூப்பிடலாம் என்று எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள். பதினொன்றரை மணி வரைக்கும் இதே கூத்து. பதினொன்றரைக்கு அண்ணியிடமிருந்து மெசேஜ் வந்தது: கொடுத்தாச்சு.

வியாழக்கிழமை மெஷின் நின்றது. ஒவ்வொரு குழாயையும் துளித்துளியாகப் பிரித்து, அளந்து, சாயங்காலம் நாலு மணிக்குத் திரையின் முன் உட்கார்ந்தாள். காய வைத்த மண்ணில் போன தடவை மாதிரியே கோடு எகிறியது. தொடாத மண்ணில் எல்லாம் லேசு. எல்லாம் மேலேயே நின்றது. எட்டடி ஆழத்தில் ஒன்றும் வளரவில்லை, ஒன்றும் தின்னரைத் தின்னவில்லை. தின்னர் அங்கேயேதான் இருக்கிறது.

பெரிய மேடம் இரண்டு கோட்டையும் பார்த்தார். "தெளிவா இருக்கு" என்றார். அப்புறம் மெதுவாக, "அண்ணன் வீட்டுக்கு நீ முன்னாடியே ஏதாவது சொன்னியா?" என்று கேட்டார்.

"சொல்லிட்டேன் மேடம்."

மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "காலையில ரிப்போர்ட்டைக் கொடுத்துட்டு நேரா அங்கே போ" என்றார்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ரிப்போர்ட் என்ஜினீயர் கைக்குப் போயிற்று. பன்னிரண்டுக்கு அவள் அண்ணன் வீட்டு வாசலில் நின்றாள். அண்ணன் ஷிப்டு முடிந்து வந்து தரையில் உட்கார்ந்திருந்தான். அண்ணி வாய் நிறைய ஊசியை வைத்துக்கொண்டு, "வா வா" என்று கையால் கூப்பிட்டாள்.

உட்காராமலே சொன்னாள். தட்டு, ஃபேன், ஜாடி எல்லாம் சொன்னாள். "நான் செஞ்சது தப்பு. மண்ணு சுத்தமாகல. தோண்டத்தான் வேணும்னு ரிப்போர்ட் கொடுத்துட்டேன்" என்றாள்.

அண்ணி வாயிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பாவில் போட்டாள். "அடுக்குமாடி வேண்டாம்னு எழுதிக் கொடுத்தோமே" என்றாள்.

"தெரியும் அண்ணி. என்ஜினீயர்கிட்ட அழுது பார்த்தேன். வேற ஆளுங்களுக்கு நேத்தே கொடுத்துட்டாங்களாம்."

"உனக்கு எப்போ தெரிஞ்சுது?" என்றான் அண்ணன்.

"நேத்து சாயங்காலம்."

அது பொய் இல்லை. அவனும் தலையை ஆட்டினான். பாவம், அவள்தான் என்ன செய்வாள் என்று நினைத்திருப்பான். அத்தோடு விட்டிருந்தால் ஒருவரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவளால் முடியவில்லை.

"சந்தேகம் அதுக்கு முன்னாடியே வந்துடுச்சு" என்றாள். "போன வாரம் திங்கக்கிழமை."

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள். "புதன்கிழமை எனக்குப் போன் பண்ணினியே."

"ஆமா."

"அதைச் சொல்லத்தான் பண்ணினியா?"

"ஆமா அண்ணி."

அண்ணி எழுந்து வந்தாள். அறையப்போகிறாள் என்றே இவள் நினைத்தாள். அவள் வாசல் கதவை அகலத் திறந்தாள். வெளியே பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்துவிட்டிருந்தார்கள், பம்பரம் வந்திருக்கிறாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எல்லோர் முகத்திலும் சிரிப்பு.

"போ, அவங்ககிட்டயும் சொல்லு" என்றாள் அண்ணி. "திங்கக்கிழமையையும் சேர்த்துச் சொல்லு."

சொன்னாள். குரல் உடைந்தது, இருந்தும் விடாமல் சொன்னாள். சிரிப்பு ஒவ்வொரு முகமாக இறங்கிப்போயிற்று. ஒரு கிழவர், "நாசமாப் போச்சு" என்று தலையில் கை வைத்தார். ஒருத்தன், "படிச்சவங்கன்னு நம்பினோம் பாரு" என்று காறித் துப்பினான். அவள் வாங்கிக்கொண்டாள். வாங்க வேண்டியதுதான்.

மூன்றாவது வீட்டுப் பெண் மட்டும் சண்டைக்கு வரவில்லை. ஏழு மாச வயிறு. கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"அக்கா, பின்னாடி அடிபம்பு இருக்குல்ல? அந்தத் தண்ணிய வாயில வைக்கக் கூடாதுன்னு மாநகராட்சியில சொல்லியிருந்தாங்க. எங்களுக்குக் குடிக்க லாரிதான் வரும். எனக்குக் குடத்தைத் தூக்கிட்டு அவ்வளவு நேரம் லாரிக்கு நிக்க முடியல. மண்ணே சுத்தமாயிடுச்சுன்னு நீங்க சொன்னதாச் சொன்னாங்க. அந்தச் சனிக்கிழமையிலேர்ந்து பம்புத் தண்ணியத்தான் குடிக்கிறேன். அது ஒண்ணும் பண்ணாதுல்ல?"

அண்ணி, "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

பண்ணாது என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது. "எனக்குத் தெரியாதும்மா" என்றாள். "இனிமே ஒரு சொட்டுக்கூடக் குடிக்காதே. இப்பவே என்கூட ஆஸ்பத்திரிக்கு வா, டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லலாம்."

அந்தப் பெண் அசையவில்லை. விரலை மடக்கி நாளை எண்ணிப் பார்த்தாள். சனி, ஞாயிறு, திங்கள். மூன்று விரலோடு நிறுத்திக்கொண்டு, மடங்காத மற்ற விரல்களைப் பார்த்தாள்.

"அப்போ அந்தத் திங்கக்கிழமையே, சந்தேகமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, நான் அன்னைக்கே நிறுத்தியிருப்பேனே அக்கா" என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

"நிறுத்தியிருப்பே" என்றாள் பம்பரம். "நான்தான் சொல்லல."